பலாப்பழம் தொங்கிய தூண்டில்

என் கணவர் செங்குட்டுவன் எதையும் தொங்கவிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு ஊஞ்சல் வாங்கினோம். அதன் கொக்கியில் இரண்டு மூட்டை சிமெண்டை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் கொக்கியைத் தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் புதுப்பெண்ணை உட்காரச் சொன்னார். மகள் நந்தினி பிறந்து தூளி கட்டியபோது அதில் முதலில் படுத்தது நந்தினி அல்ல, அம்மிக் குழவி. என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மனுஷர் பார்க்கும் வேலை அப்படி. நிலக்கரி மைன்ஸில் அவர் ரிக்கர். பெரிய பெரிய இயந்திர பாகங்களை இரும்புக் கயிற்றில் கட்டிக் கிரேனில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. அங்கே ஒவ்வொரு கயிற்றிலும் சங்கிலியிலும் அது எவ்வளவு தூக்கும் என்று எண் போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பி யாரும் கீழே நிற்பதில்லை. அதற்கு மேல் கால் பங்கு கூட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, தாங்கினால்தான் பெயின்ட் அடித்து வேலைக்கு விடுவார்கள். லோடு டெஸ்ட் என்பார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் கட்டித் தூக்கிய எதுவும் கீழே விழுந்ததில்லை. அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வருகிறவரிடமிருந்து ஒரு துணிக்கொடிகூடச் சோதனையில்லாமல் தப்ப முடியாது.

நான் மீன் பிடிக்கிறவள். இதைச் சொன்னால் எங்கள் பிளாக்கில் இன்னும் சிலர் சிரிப்பார்கள். நந்தினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அதிகாரி ரிட்டயராகிக் காலி செய்தார். லாரியில் இடமில்லாமல் ஒரு தூண்டில் ராடையும் ரீலையும் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் கணவர் அதைக் கொண்டு ஒட்டடை அடிக்கலாமா என்று பார்த்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு, அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கடலூரைத் தாண்டித் தாழங்குடாவுக்குப் போனேன். பெண்ணையாறு கடலில் சேரும் இடம் அது. கரையில் நின்று வீசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். மீன் மாதிரியே செய்த ஒரு பொய்மீனைத் தூண்டில் நரம்பில் கட்டி வீசி, உயிருள்ளது போல ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். ஏமாந்த மீன் வந்து கடிக்கும். அவருக்கு ஆஃப் கிடைக்கிற நாளெல்லாம் அங்கே போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நான் வீசுவேன். அவர் சவுக்கு நிழலில் துண்டை விரித்துத் தூங்குவார். குடும்பத்தில் ஒருவராவது ஓய்வெடுக்க வேண்டுமே.

போன வருஷம் எனக்கு வலது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, முடி வந்தது. நேராக இருந்தது சுருட்டையாக வந்திருக்கிறது, அது ஒன்றுதான் லாபம். இப்போது நன்றாக இருக்கிறேன். வலது கையை மட்டும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நெறி எடுத்த கை அளவுக்கு மீறிப் பாடுபட்டால் வீங்கும். வீங்கினால் சுலபத்தில் வற்றாது. கனமான எதையும் தூக்கவேண்டாம் என்றார் டாக்டர்.

அந்தக் கனம் என்ற ஒரு சொல்லை என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் குடத்துக்குத் தடை வந்தது. பிறகு குக்கருக்கு. பிறகு தோசைக்கல்லுக்கு. ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பை எடுத்ததற்கு, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். சொந்த வீட்டில் நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிக்காவது நாலு நாளில் விடுதலை உண்டு.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மறுபடி அந்த முகத்துவாரத்தில் நின்று என் கையால் வீச வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு வீசிக்கொண்டுதான் இருந்தேன். சாமி பெயர்கூட அத்தனை தடவை சொல்லவில்லை. அதை மறுபடி செய்யும் நாளில்தான் உடம்பு எனக்குத் திரும்பி வந்ததாக அர்த்தம் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் சரிதாவிடம் கேட்டேன். எங்கள் நகரியத்திலேயே இருக்கிற பெண். வயதில் சின்னவள், கறாரானவள். "தாராளமா வீசுங்க மேடம். பூட்டி வச்சாத்தான் தோள் இறுகிப்போகும். ஆனா ராடு ரொம்ப லேசா இருக்கணும். ரெண்டு கையாலயும் வீசணும். சோர்வு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்" என்றாள். அதிகாரி விட்டுப்போன பழைய ராடு கண்ணாடி நாரில் செய்தது, உலக்கைக் கனம். அதைத் தொடக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

அவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டில் இருந்த ஒரு நாள் பஸ் பிடித்துக் கடலூர் முதுநகர் போனேன். அங்கே அறிவழகன் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறார். பழக்கமான ஆள். விஷயத்தைச் சொன்னேன். "லேடீசுக்குன்னே ஒண்ணு வந்திருக்குக்கா" என்று ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணினது கண்ணுல இல்ல தம்பி" என்றேன். ரோஸ் உள்ளே போய்விட்டது.

ஒன்பதடி ராடு ஒன்றை எடுத்தேன். கரையில் நின்று வீச நீளமானது நல்லதுதான், அலையைத் தாண்டிப் போய் விழும். ஆனால் அதன் நுனி கீழே கீழே போயிற்று. அந்த இழுப்பு முழுவதையும் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். ஆறடி ராடு பூப்போல இருந்தது. அதற்குக் கைப்பிடி குட்டை. ஒற்றைக் கையால் வீசுகிறவர்களுக்கானது. கடைசியில் ஏழரை அடியில் ஒரு கார்பன் ராடு வந்தது. இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற ரகம். ரீலுக்குக் கீழே கைப்பிடி நீளமாக இருந்தது. இடது கையை அடியில் வைத்து இழுத்தால், வலது கை சும்மா வழி காட்டினால் போதும்.

சின்ன ரீல் ஒன்றை அதில் மாட்டித் தரச் சொன்னேன். ரீலுக்கு முன்னால் ஒரு விரலைக் கொடுத்து ராடைத் தாங்கிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. வெறும் ராடு லேசாக இருந்து பிரயோஜனமில்லை, ரீலோடு சேர்ந்து சமமாக நிற்க வேண்டும். அப்புறம் நுனியை மேற்கூரையில் முட்டக் கொடுத்து மெதுவாக அழுத்தினேன். சில ராடுகள் நுனி மட்டும் வளைந்து மற்றதெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு உதறலும் கைக்கு வந்து சேரும். இது பாதி உடம்பு வரை வளைந்து கொடுத்தது. மீன் இழுத்தால் பாதியை இதுவே வாங்கிக்கொள்ளும். அறிவழகன் ராடைத் தராசில் வைத்துக் காட்டினார். என் செல்போனைவிடக் கனம் குறைவு.

"இதுதான்" என்றேன். கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதுகூட இத்தனை சீக்கிரம் முடிவு செய்ததில்லை.

சாயங்காலம் அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "உள்ள ராடு இருக்குதா மதி, இல்ல வெறும் உறையா?" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மூணுலேருந்து பன்னெண்டு கிராம்னு போட்டிருக்குது. பன்னெண்டு கிராம் தூக்கறதுக்கு இன்னாத்துக்கு ஏழரை அடி?"

"அது தூக்கற கனம் இல்லீங்க. வீசற பொய்மீனோட கனம்."

"பக்கத்துல பத்து பவுண்டுன்னு இருக்குதே?"

"அது இதுல போடற நரம்போட பலம்."

"பத்து பவுண்டு. நாலரை கிலோ" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். அந்த முணுமுணுப்பை நான் கவனித்திருக்க வேண்டும். பஸ்ஸில் போய்வந்த அலுப்பு, படுத்துவிட்டேன்.

மறுநாள் அவருக்கு ஆஃப். காலையில் நான் சரிதாவிடம் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தெருமுனையிலேயே பலாப்பழ வாசனை. முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் சீசன் வந்தால் பழம் அனுப்பிக்கொண்டே இருப்பார், எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் நாலைந்து உருண்டுகொண்டிருக்கும். யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன்.

தோட்டத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் என் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி, அடிபடாமல் மெத்தென்று ஆக்கி, புது ராடின் கைப்பிடியைக் கட்டியிருந்தார். அந்தக் கைப்பிடிக்கு மேலே முழ நீளத்துக்குத்தான் ராடு மிச்சமிருந்தது. மீதி, வளையங்களோடும் கயிற்றோடும் தரையில் கிடந்தது. கயிற்றின் முனையில் ஒரு பலாப்பழம், வாய் பிளந்து, சுளை தெரிய. நாலரை கிலோவுக்கு மேல் கால் பங்கு கூட்டி, கூடத்தில் கிடந்ததில் சரியான எடைக்கு ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பட்டம்மாள் வேலியில் கை ஊன்றி நின்றிருந்தார். "நல்லாத்தான் வளைஞ்சு குடுத்துதும்மா. நானும் பாத்துகினுதான் இருந்தேன். அப்புறம் டப்புனு ஒரு சத்தம்" என்றார். நான் உடைந்த துண்டைக் குனிந்து எடுப்பதைப் பார்த்து, "சுளைய எடுத்து வெச்சிடட்டா? ஈ மொய்க்குது" என்று உதவிக்கு வந்தார்.

"தாங்கல மதி" என்றார் என் கணவர். "நல்லவேளை, வூட்டுலயே தெரிஞ்சுபோச்சு. அங்க தண்ணியில நிக்கறப்ப ஒடைஞ்சிருந்தா உன் கை இன்னா ஆவறது?"

இவருக்கு நான் என்ன சொல்ல? தூண்டில் ராடு தூக்குவதற்கான சாமானே இல்லை. மீன் தண்ணீரில் மிதக்கிறது, அதை யாரும் தொங்கவிடுவதில்லை. இழுக்கிறபோது விட்டு, விடுகிறபோது இழுத்துக் கரைக்குக் கொண்டுவருகிறோம். எந்தக் கடலிலும் எந்த மீனும் பலாப்பழம் மாதிரி அசையாமல் தொங்கியதில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆபரேஷன் என்று சொன்ன நாளில்கூட அப்படி அழவில்லை.

அவர் என்னைச் சமாதானப்படுத்திய விதம் அதைவிட மோசம். இரண்டு நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து நேரே கடலூர் போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதே கடையில் ஒரு ராடு வாங்கி வந்தார். கட்டைவிரல் தடிமன். ஜன்னலில் கட்டி, பெரிய பலாப்பழமாகத் தொங்கவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ராடு லேசாகத் தலையாட்டிவிட்டு நின்றது. "பாத்தியா? ஆட்டங்கூட இல்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஊஞ்சலில் என்னை உட்காரச் சொன்ன அன்று பார்த்த அதே முகம். அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் பிளாக் மைதானத்தில், பையன்கள் விளையாட வருவதற்கு முன், நரம்பு நுனியில் ஒரு நட்டைக் கட்டி வீசிப் பார்த்தேன். ஐந்தாறு வீச்சுக்குள் தோள் கனத்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வீம்புக்கு வீசினேன். வீட்டுக்கு வந்து வளையலைக் கழற்றப் போனால் அது வரவில்லை. சோப்புப் போட்டுக் கழற்றிய பிறகு மணிக்கட்டில் வளையல் தடம் குழியாகப் பதிந்திருந்தது.

அந்தத் தடத்தை அவரும் பார்த்துவிட்டார்.

சரிதா திட்டினாள். கையைச் சுற்றிக் கட்டுப் போட்டாள். தலையணையில் கையைத் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னாள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. "ராடுதான் தப்பு மேடம், வீசினது தப்பில்ல. லேசா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?" என்றாள். இதை நான் வீட்டில் வந்து சொல்வதற்குள் என் கணவர் காரியத்தை முடித்திருந்தார். தடி ராடு, அதிகாரியின் பழைய ராடு, ரீல்கள், பொய்மீன் டப்பா எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

"போதும் மதி. மீனும் வேணாம், கடலும் வேணாம். நீ இருந்தாப் போதும்."

"இருந்து?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"இருந்து என்ன பண்ணணும்? நீங்க பாத்துகிட்டே இருக்கறதுக்கா? அப்ப என்னையும் அந்தச் சாக்குல போட்டுக் கட்டி மேல ஏத்திடுங்க. கீழ விழாம பத்திரமா இருப்பேன். பொங்கலுக்குப் பொங்கல் தூசி தட்டினாப் போதும்." நான் கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பட்டம்மாள் டி.வி. சத்தத்தைக் குறைத்தது கேட்டது. கேட்கட்டும். "தோசைக்கல்லைத் தொடாதே, குடத்தைத் தொடாதே. நோவு எடுத்துக்கிட்டது போக மிச்சம் இருந்ததை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவர் திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தார். கால் தரையில் ஊன்றியிருந்ததால் ஊஞ்சல் ஆடவில்லை.

"மொத மொத நீதான் சொன்ன" என்றார். "குளிச்சிட்டு வந்து, இங்க இன்னாமோ கட்டியாட்டம் இருக்குதுங்கன்னு சொன்ன. நான் ஷிஃப்ட்டுக்குக் கெளம்பிகினு இருந்தேன். கொழுப்புக் கட்டியா இருக்கும், அதுவே போய்டும்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துகினு போய்ட்டேன். மைன்ஸ்ல ஒரு கொக்கிய அப்படி வுடுவனா மதி? துருப்பிடிச்ச ஒரு சங்கிலிய வுடுவனா? உன்னத்தான் பாக்காம வுட்டுட்டேன்."

எனக்கு அந்தக் காலை ஞாபகமே இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு நானும் நிம்மதியாகத்தான் அடுப்படிக்குப் போயிருப்பேன். டாக்டரிடம் ஓட யாருக்கு ஆசை? ஆனால் அவர் அதை ஒரு வருஷமாக உள்ளே வைத்துக்கொண்டு, ஷிஃப்ட்டுக்குப் போய் வந்து, சொம்புக்கும் தோசைக்கல்லுக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"அதுக்காகப் பலாப்பழத்தைக் கட்டுவீங்களா?" என்றேன்.

"கைக்குக் கெடச்சது அதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க பாருங்க. நான் எவ்வளவு தாங்குவேன்னு நீங்க கட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது. அது எனக்குத்தான் தெரியும். நான் சொல்றேன். சொல்லும்போது கேளுங்க. அது ஒண்ணு போதும்" என்றேன்.

அடுத்த ஆஃப் அன்று காலையில் எழுந்து பார்த்தால் தடி ராடு பரணிலிருந்து இறங்கி வாசலில் சாய்ந்திருந்தது, பக்கத்தில் சின்ன ரீலும் பொய்மீன் டப்பாவும். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடலூர் போனோம். அறிவழகன் அந்த ராடைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நுனியில் கயிறு அறுத்த தடத்தைத் தடவிப் பார்த்து, "இதுல என்னண்ணே மாட்டுச்சு, சுறாவா?" என்று கேட்டார். என் கணவர் கடை விளம்பரப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். நான் முன்பு எடுத்த அதே ரகத்தில் இன்னொன்று இருந்தது. மறுபடி விரலில் நிறுத்திப் பார்த்தேன், கூரையில் கொடுத்து வளைத்துப் பார்த்தேன். முன்பு வாங்கிய சின்ன ரீலை அதில் மாட்டினேன்.

பிறகு நரம்பின் முனையைக் கடை ஷட்டர் கைப்பிடியில் கட்டிவிட்டு, ராடை அவர் கையில் கொடுத்தேன். "பிடிச்சுகிட்டு அப்படியே பின்னால நடங்க."

"ஒடையும்."

"நடங்க."

பயந்து பயந்து ஓரடி வைத்தார். ராடு வளைந்தது. இன்னோர் அடி. பாதி வட்டமாக வந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார். அப்போது ரீல் கிர்ரென்று சத்தம் போட்டு நரம்பை விட்டுக் கொடுத்தது. அவர் நடக்க நடக்க அது விட்டுக்கொண்டே வந்தது. ராடு அதற்கு மேல் வளையவில்லை. ரீலின் தலையில் இருக்கும் திருகைக் காட்டி, எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்று நாம்தான் இதில் வைக்கிறோம் என்றேன்.

நடுத்தெருவில் நின்றுவிட்டார். "ஸ்லிப் கிளட்ச்" என்றார். "அட, எங்க மெஷின்லயும் இருக்குது. தாங்காத கனம் வந்துச்சுன்னா வழுக்கிக் குடுத்துடும். இல்லன்னா கியர்பாக்ஸே போய்டும்." வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது. அந்தத் திருகைத் தானே கூட்டியும் குறைத்தும் இன்னும் மூன்று தடவை தெருவில் பின்னால் நடந்தார். ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் கடைக்குள் வந்தார்.

அங்கிருந்து நேரே தாழங்குடா போனோம். வெயில் தாழ்ந்து கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல நேரம். தண்ணீரின் நிறம் மாறுகிற கோடு தெரிந்தது. சவுக்கு நிழலைக் காட்டி, "போய்ப் படுங்க" என்றேன். அவர் போகவில்லை. எனக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

முதல் வீச்சு என் காலடியிலேயே விழுந்தது. பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது கொஞ்சம் தள்ளிப் போயிற்று. இடது கை அடியில் இழுக்க, வலது கை மேலே சும்மா தொட்டுக்கொண்டு போக, மூன்றாவதோ நாலாவதோ வீச்சில் ராடு தானே வளைந்து தானே நிமிர்ந்தது. நரம்பு மெல்ல விசிலடித்துக்கொண்டு போய், பொய்மீன் அந்த நிறக் கோட்டின் மேல் விழுந்தது. தோளில் ஒன்றுமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி வீசியதும் இப்படித்தான் போய் விழுந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"வலிக்குதா?" என்றார் பின்னாலிருந்து.

"இல்லை."

ஒவ்வொரு வீச்சுக்கும் கேட்டார். கொஞ்சம் வீசினேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்து வீசினேன். இன்னும் இரண்டு வீசிவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது, ஆட்டி இழுத்துக்கொண்டிருந்த பொய்மீன் பாறையில் மாட்டியது போல நின்றது. பாறை நகர்ந்தது. ஒரு கொடுவா மீன் முக்கால் உடம்பு வெளியே தெரியத் துள்ளி, தலையை உதறி, ஆற்று நடுவை நோக்கி ஓடியது.

ராடு வளைந்தது. கடையில் வளைந்ததெல்லாம் ஒன்றுமில்லை. கைப்பிடி வரை வளைந்து நுனி தண்ணீரைக் காட்டியது. ரீல் கிர்ரென்று கத்தியது.

"வுடு, வுடு, நான் புடிக்கறேன்!" மணலில் தடதடவென்று ஓடி வந்தார். அவர் கை என் தோளுக்கு மேலாக ராடுக்கு நீண்டது. அந்தக் கை எத்தனையோ டன்னைக் கட்டித் தூக்கிய கை, அது வந்து பிடித்தால் மீன் கரைக்கு வந்துவிடும். நான் மறுபடி பரணுக்குப் போய்விடுவேன்.

"தொடாதீங்க" என்றேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

கை அந்தரத்தில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார், ராடைப் பார்த்தார். அதன் வளைவை அவர் பார்த்த விதத்தில் இருந்து, எந்த நிமிஷமும் அந்த டப் சத்தம் வரும் என்று காத்திருப்பது தெரிந்தது. பிறகு இரண்டடி பின்னால் போனார். ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தார். தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் தன் முழுக் கனத்தையும் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

கைப்பிடியை இடுப்பில் ஊன்றினேன். இழுப்பை இடது கைக்கு மாற்றினேன். மீன் ஓடும்போது ஓடவிட்டேன். அது களைத்து நிற்கும்போது சுற்றினேன். மூன்று தடவை கிட்டே வந்து மூன்று தடவை திரும்பி ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான், ஆள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஓர் அலை வந்தது. அதோடு சேர்ந்து நான் பின்னால் நடந்தேன். கொடுவா வெள்ளிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு மணலில் வழுக்கி ஏறியது. காலால் அதை இன்னும் மேலே தள்ளிவிட்டு ராடைக் கீழே வைத்தேன். ராடு நேராக நிமிர்ந்து கிடந்தது.

"வாங்க, இப்பப் பிடிங்க" என்று திரும்பினேன்.

அவர் எழ முயன்றார், முடியவில்லை. கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து உருவி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மணல் அழுந்திப் பள்ளம் பள்ளமாக, வெளுத்துப்போய், அசையாமல் கிடந்தன.

"மரத்துப்போச்சு மதி" என்றார். கண் கலங்கியிருந்தது. "நீ புடிச்சுட்ட."

அவருக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையால் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் அசைந்தன. அப்போதுதான் அவர் கவனித்தார்.

"வலது கையாலயா தேய்க்கறே? வலிக்கப் போவுது."

"வலிச்சாச் சொல்றேன்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்லு" என்றார். "கேக்கறேன்."